கைமாறும் கோல்

என் பங்கு இல்லத்து மேசைமேல், திருப்புகழ்மாலை நூலுக்குப் பக்கத்தில், ஓர் உருண்டையான மரத்துண்டு கிடக்கிறது. ஒரு முழத்தைவிடக் குறைவு, வழவழப்பானது, ஒரு முனையில் சிவப்பு வண்ணம் உதிர்ந்துபோயிருக்கிறது. இல்லத்திற்கு வருகிறவர்களில் சிலர் அதைக் காகிதத்தின்மேல் வைக்கும் பாரக்கட்டை என்று நினைக்கின்றனர். எங்கள் பங்குப் பள்ளி மாணவியர் மட்டும் உள்ளே நுழைந்தவுடன், "ஃபாதர், இது ரிலே கோல்தானே?" என்று கேட்டுவிடுவார்கள். ஆம், அது தொடரோட்டக் கோல்தான். உடைந்த மண்வெட்டிக் காம்பிலிருந்து அறுத்து இழைத்தது. விதிப்படி கோல் 28 முதல் 30 சென்டிமீட்டர் நீளம் இருக்க வேண்டும். எடை 50 கிராமுக்குக் குறையக் கூடாது. இது சற்றுக் கனம் கூடியது. என் மனத்தில் அது வைத்திருக்கும் கனத்தை எந்தத் தராசிலும் நிறுக்க முடியாது.

1985-ஆம் ஆண்டு நான் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் இடைப்பட்ட எங்கள் ஊர் அப்போது வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்த செய்தி ஊரெல்லாம் பேசப்பட்டது. அதே ஒலிம்பிக்கில் வல்சம்மா, வந்தனா ராவ், ஷைனி ஆபிரகாம், உஷா ஆகிய நால்வரும் 4x400 மீட்டர் தொடரோட்டத்தின் இறுதிச் சுற்றை எட்டி ஏழாவதாக வந்தார்கள். மற்றவர்கள் உஷாவின் தனி ஓட்டத்தைப் பற்றியே பேச, எங்கள் உடற்கல்வி ஆசிரியர் மட்டும் அந்த நால்வரைப் பற்றிப் பேசினார். "ஒருத்தி ஓடினால் அது திறமை, நாலு பேர் சேர்ந்து ஓடினால் அது பள்ளிக்கூடம்" என்பார். அந்த ஆண்டே நால்வரைத் தேர்ந்தெடுத்தார்.

முதலில் ஓடுபவன் ஒரு சிறு தோல் வணிகரின் மகன். வெள்ளிக்கிழமைகளில் தொழுகை முடித்துவிட்டுப் பயிற்சிக்கு ஓடி வருவான். இரண்டாமவன் டேனரியில் வேலை செய்யும் ஒருவரின் மகன். என் வகுப்பு, என் பங்கு, ஒரே நாளில் உறுதிபூசுதல் பெற்றவன். மூன்றாவது நான். நான்காமவனின் தாய் பீடி சுற்றி அவனைப் படிக்க வைத்தார். பள்ளித் திடல் சிறியது. ஆகவே மாலைதோறும் பாலாற்று மணலில் பயிற்சி. அக்காலத்தில் ஆற்றில் மணல் இருந்தது. தண்ணீர் எப்போதோ ஒரு முறைதான் வரும். காற்று திசை மாறினால் ஊறவைத்த தோலின் வாடை வரும். எங்களுக்கு அது புதிதன்று.

தொடரோட்டத்தைப் பார்த்தவர்கள் பலர். அதன் நுட்பத்தைக் கவனித்தவர்கள் சிலரே. 4x100 மீட்டர் ஓட்டத்தில் கோலை வாங்குபவர் திரும்பிப் பார்க்க மாட்டார். கையைப் பின்னே நீட்டியபடி ஓடிக்கொண்டே இருப்பார். கோல் வந்து உள்ளங்கையில் விழும். 4x400 அப்படியன்று. கொடுக்க வருபவர் முழுச் சுற்றும் ஓடிக் களைத்து, கால்கள் கனக்க, மூச்சுத் திணற வருகிறார். அவர் எவ்வளவு களைத்திருக்கிறார் என்பதைப் பார்த்தே, வாங்குபவர் தம் வேகத்தைக் கணிக்க வேண்டும். எனவே முகம் திருப்பிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இருபது மீட்டர் எல்லைக்குள் கோல் கைமாறிவிட வேண்டும். அந்த எல்லைக்குள் இருக்க வேண்டியது ஓடுபவரின் உடல் அன்று, கோலே என்பது விதி. பெரும்பாலோர் இடக்கையால் வாங்கி, ஓடிக்கொண்டே வலக்கைக்கு மாற்றிக்கொள்வர்.

அந்த மாற்றத்தில்தான் என் கதை இருக்கிறது.

என் நண்பன் பள்ளி முடிந்ததும் பயிற்சிக்கு வருவான். பயிற்சி முடிந்ததும் தந்தைக்கு உதவியாக டேனரிக்குப் போவான். தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு, மயிரையும் சதையையும் வழித்தெடுத்த பிறகுதான் பதனிடுதல் தொடங்கும். முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டார்கள். பின்னர் குரோமிய உப்பு வந்தது. எது வந்தாலும் சுண்ணாம்புத் தொட்டி மாறவில்லை. அதில் தோய்ந்து தோய்ந்து அவன் உள்ளங்கை வெளுத்து, விரல் இடுக்குகளில் வெடித்திருந்தது. எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாத ஒரு வாடை அக்கையில் இருந்தது.

அவன் கொடுத்த கோலை நான் இடக்கையில் வாங்குவேன். வலக்கைக்கு மாற்றும் முன், என் காற்சட்டையில் அதை ஒரு தேய்ப்புத் தேய்ப்பேன். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு முறையும். யாரும் எனக்கு அதைக் கற்றுத்தரவில்லை. ஆனால் கற்றிருந்தேன். எங்கள் வீட்டில் அவனுக்குத் தண்ணீர் தந்த குவளை எது, அது எந்த மாடத்தில் தனியாக இருந்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். கோயிலில் அவர்கள் குடும்பம் எந்தப் பக்கம் உட்காரும் என்பதும் தெரியும். பாடமாகச் சொல்லித்தரப்படாதவையே ஆழமாகப் பதிகின்றன.

மாவட்டப் போட்டி வேலூரில் நடந்தது. முதலாமவன் எங்களை இரண்டாவது இடத்தில் கொண்டுவந்து விட்டான். என் நண்பன் அந்த நானூறு மீட்டரை ஓடியதுபோல் அதன் பிறகு எந்தப் பள்ளிச் சிறுவனும் ஓடி நான் பார்த்ததில்லை. கடைசி வளைவில் முன்னே இருந்தவனைத் தாண்டிவிட்டான். நான் எல்லைக்கோட்டில் நின்று திரும்பிப் பார்த்தேன். என்னை நெருங்க ஏழெட்டு அடி இருக்கும்போது, அவன் கோலைத் தன் இடக்கைக்கு மாற்றி, பனியனில் ஒரு தேய்ப்புத் தேய்த்து, மறுபடி வலக்கைக்குக் கொண்டுவந்தான். அந்தத் தடுமாற்றத்தில் கோல் நழுவி மண்ணில் விழுந்து உருண்டது.

கோலைத் தவறவிட்டவரே அதை எடுக்க வேண்டும் என்பது விதி. அவன் குனிந்து தேடி எடுத்து என் கையில் வைப்பதற்குள் மூவர் எங்களைக் கடந்துவிட்டார்கள். நாங்கள் நான்காவதாக வந்தோம். திடலோரத்தில் நின்றிருந்த யாரோ ஒருவர், "தோல் ஊறவைக்கிற கையிலே கோல் எப்படி நிற்கும்?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் என்னைப் பார்த்தான்.

ஓட்டத்தில் தோற்றதால்தான் அவன் படிப்பை விட்டான் என்று சொல்ல மாட்டேன். அவன் தந்தைக்கு நெஞ்சு நோய் வந்தது. வீட்டில் ஐந்து வாய்கள் இருந்தன. தேர்வு எழுதும் முன்பே அவன் முழுநேரமாகச் சுண்ணாம்புத் தொட்டிக்குப் போய்விட்டான். நான் தேர்வு எழுதினேன், குருமடம் சேர்ந்தேன்.

குருமடத்தில் இறையியல் இரண்டாம் ஆண்டு. பேராசிரியர், இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய கொள்கை விளக்கத்தை நடத்திக்கொண்டிருந்தார். மரபு என்று நாம் சொல்வதற்கு இலத்தீன் சொல் 'த்ராதித்சியோ'. அதன் நேர்ப்பொருள் கையளித்தல். கிரேக்கத்தில் அதற்குரிய வினைச்சொல்லைத் தூய பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் பதினோராம் அதிகாரத்தில், நற்கருணை பற்றிப் பேசும்போது பயன்படுத்துகிறார். தாம் ஆண்டவரிடமிருந்து பெற்றதையே கையளித்ததாகச் சொல்லும் அதே வாக்கியத்தில், ஆண்டவர் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவைக் குறிக்கவும் அதே வினைச்சொல்லையே ஆளுகிறார். நம்பிக்கையைக் கையளிப்பதற்கும் நண்பனைக் கையளிப்பதற்கும் ஒரே சொல்! வகுப்பில் மற்றவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ வேலூர்த் திடலின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

பவுல் ஓட்டத்தைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதியவர். கொரிந்து நகருக்கு அருகில் இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை இஸ்த்மிய விளையாட்டுகள் நடந்தன. வென்றவருக்குத் தழை மாலை சூட்டினார்கள். வாடிப்போகும் அந்த மாலையை அந்நகர மக்கள் நன்கு அறிவார்கள். ஆகவேதான் அழியாத மாலையைப் பற்றி அவர்களுக்கு எழுதினார். ஆனால் தனி ஓட்டம் மட்டுமா அந்நாட்டில் இருந்தது? ஏதென்சு நகரில் தீவட்டி ஓட்டம் என்று ஒன்று உண்டு. ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குத் தீவட்டி மாறிக்கொண்டே போகும். முதலில் வந்தால் மட்டும் போதாது; தீ அணையாமல் வந்து சேர வேண்டும். தத்துவ அறிஞர் பிளேட்டோ, பிள்ளைகளைப் பெற்று வளர்ப்பதைத் தீவட்டியைக் கைமாற்றுவதற்கு ஒப்பிட்டார். நாம் எதைக் கையளிக்கிறோம் என்பது நாம் எவ்வளவு விரைந்தோம் என்பதைவிட முக்கியம் என்பதை அம்மக்கள் தங்கள் விளையாட்டிலேயே பொதிந்து வைத்திருந்தார்கள்.

தோல் பூமியில் பணியாற்றுகிற எனக்கு இன்னொன்றும் தோன்றுவதுண்டு. பவுலின் கைத்தொழில் கூடாரம் செய்தல் என்று திருத்தூதர் பணிகள் நூல் சொல்கிறது. அது தோல் வேலையாகவே இருந்திருக்கும் என்பது அறிஞர் பலரின் கருத்து. தூய பேதுரு யோப்பா நகரில் தோல் பதனிடும் சீமோன் என்பவரின் வீட்டில் பல நாள் தங்கினார். யூதச் சட்டத் தொகுப்பாகிய மிஷ்னா, தோல் பதனிடும் இடம் ஊரிலிருந்து ஐம்பது முழமாவது தள்ளி இருக்க வேண்டும் என்கிறது. அவ்வாறு தள்ளிவைக்கப்பட்ட தொழிலைச் செய்த ஒருவரின் வீட்டு மாடியில்தான், கடவுள் தூய்மையாக்கியதைத் தீட்டென்று சொல்லக் கூடாது என்ற காட்சி பேதுருவுக்குக் கிடைத்தது. திருச்சபையின் கதவு பிற இனத்தாருக்குத் திறந்தது ஒரு டேனரிக்காரரின் வீட்டிலிருந்து! ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் இராணிப்பேட்டையிலும் இதை எத்தனை முறை மறையுரையில் சொல்லியிருக்கிறோம்?

இந்த மண்ணில் நாம் கையளித்தவற்றைக் கணக்கெடுத்தால் தலை குனிய வேண்டியிருக்கிறது. நம் முன்னோர் நம்மிடம் ஓர் ஆற்றைத் தந்தார்கள். அது கழிவுநீரால் கெட்ட நிலையை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேடு செய்தவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை நாட்டின் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. ஆற்றின் கேட்டுக்கு நீதிமன்றம் வழி காட்டிற்று. மனத்தின் கேட்டுக்கு? ஞானத்தீர்த்தத்தோடு சாதியையும் சேர்த்தே நாம் பிள்ளைகளுக்குக் கையளித்து வந்தோம். தமிழகத்துச் சில பங்குகளில் இறந்தோர்கூடத் தனித்தனியே கிடந்தார்கள். 2016-ஆம் ஆண்டு இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை ஏட்டை வெளியிட்டது. ஏடு வந்துவிட்டது. அதை உள்ளங்கையில் வாங்க வேண்டியவர்கள் நாம்.

*

சில ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதிக்கே பங்குத்தந்தையாக மாற்றலாகி வந்தேன். மாவட்டமே மூன்றாகப் பிரிந்து, ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. காலையில் ஷூ கம்பெனிப் பேருந்துகள் பெண்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. எங்கள் பள்ளியில் இப்போது மாணவியர் அணிதான் வலுவானது. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கின் கலப்புத் தொடரோட்டத்தில் ஓடிய இந்தியர் நால்வரில் ரேவதி, சுபா, ஆரோக்கிய ராஜீவ் ஆகிய மூவர் தமிழகத்தார் என்று சொன்னபோது அவர்கள் கண்கள் விரிந்தன. 2023-இல் புடாபெஸ்ட் உலகப் போட்டியில், நம் தமிழகத்தின் ராஜேஷ் ரமேஷ் கடைசியாக ஓட, இந்திய ஆண்கள் அணி 2 நிமிடம் 59.05 நொடியில் ஆசியச் சாதனை படைத்தது. அந்தக் காட்சியைக் கைபேசியில் எத்தனை முறை போட்டுப் பார்த்தார்கள் என்பதற்குக் கணக்கில்லை.

அவர்களுள் ஒருத்தி ஒரு நாள் கேட்டாள்: "ஃபாதர், வெளிநாட்டிலே கட்டடத்துக்குள்ளேயே ரிலே ஓடுவாங்களாமே?" உண்மைதான். பனி உறையும் நாடுகளில் குளிர்காலத்தில் கூரைக்குக் கீழே, 200 மீட்டர் சுற்றளவுள்ள ஓடுதளத்தில், வளைவுகளைச் சாய்வாக உயர்த்தி ஓடுகிறார்கள். அமெரிக்கப் பள்ளிகளில் நால்வரும் வெவ்வேறு தொலைவு ஓடும் நெடுந்தொடரோட்டமும் உண்டு. முதலில் வருபவர் 1200 மீட்டர், அடுத்தவர் 400, மூன்றாமவர் 800, கடைசியில் ஓடுபவர் 1600. குறைவாக ஓடியவருக்கும் நெடுந்தொலைவு ஓடியவருக்கும் கோல் ஒன்றே, பரிசும் ஒன்றே. ஓர் உடல், பல உறுப்புகள் என்ற பவுலின் உவமையை மாணவியருக்கு விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த அணியின் இரண்டாவது ஓட்டக்காரியை முதல் முறை பார்த்தபோதே எனக்குள் ஏதோ தட்டுப்பட்டது. கடைசி வளைவில் தலையைச் சற்று இடப்பக்கம் சாய்த்து ஓடினாள். ஒரு மாலை திடலின் வேலியோரம் ஒருவர் சைக்கிளைப் பிடித்தபடி நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நரைத்த தலை, காவலர் சீருடை. முப்பது ஆண்டுகள் டேனரியில் உழைத்துவிட்டு, இப்போது ஒரு கம்பெனியில் இரவுக் காவல் பார்ப்பதாகவும், இவள் தம் இளைய மகள் என்றும் பின்னர் சொன்னார்.

அருகில் போய் நின்றேன். "வணக்கம் ஃபாதர்" என்றார்.

"என்னைத் தெரியலையா?"

"வந்த அன்னிக்கே தெரியும் ஃபாதர்."

"ஃபாதர் எதுக்குடா? பேரைச் சொல்லிக் கூப்பிடு."

சிரித்தார். கூப்பிடவில்லை. நான் ஒருமையிலும் அவர் மரியாதையிலும் பேசிக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் நாக்கு சட்டென்று 'நீங்க' என்பதற்கு மாறியது. அது நட்புக்குரிய சொல்லாகவும் அமையவில்லை.

நாற்பது ஆண்டுகளாக அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "அன்னிக்கு வேலூரிலே, என்கிட்டே கோலைக் கொடுக்கும்போது, எதுக்காகத் துடைச்சீங்க?"

அவர் சற்று நேரம் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நீங்கதான் தினமும் வாங்கித் துடைப்பீங்களே ஃபாதர். அதுக்கு ஒரு நொடி போயிடும். போட்டியிலே அந்த ஒரு நொடி மிச்சமாகட்டுமேன்னு நானே துடைச்சேன்."

குற்றம் சாட்டும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. அணிக்காகச் செய்த ஒரு கணக்கு தவறிப்போனது என்பதைப் போலச் சொன்னார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். பாவமன்னிப்பு வழங்கிப் பழகிய வாய், கேட்கும்போது எவ்வளவு தடுமாறுகிறது! அவர் ஆம் என்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. "அங்கே பாருங்க ஃபாதர், பாப்பா கொடுக்கப் போறா" என்றார்.

பார்த்தேன். களைத்து வந்த அவளை, வாங்கப்போகிறவள் முகம் திருப்பி முழுமையாகப் பார்த்தாள். கையை அல்ல, முகத்தை. பிறகு இரண்டு அடி, மூன்று அடி, கை நீட்டினாள். கோல் மாறிற்று. வாங்கியவள் அதை அப்படியே நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு ஓடினாள். எனக்கு அன்று தெரியாத கலை அது. நான் வாங்கிய ஒவ்வொரு முறையும் என் நண்பனின் கையைப் பார்த்தேன். முகத்தைப் பார்த்ததே இல்லை. முகத்தைப் பார்த்திருந்தால், நான் துடைத்ததை அவன் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது தெரிந்திருக்கும்.

அடுத்த வாரம் அவர் தம் வீட்டுப் பரணிலிருந்து அந்தக் கோலைக் கொண்டுவந்து தந்தார். அன்று போட்டி முடிந்ததும், நாங்கள் பயிற்சிக்கு வைத்திருந்த பழைய மரக்கோலை யாரும் கேட்கவில்லையாம், அவரிடமே தங்கிவிட்டதாம். "பிள்ளைங்க ஓடிப் பழகட்டும் ஃபாதர்" என்றார். நான் இடக்கையில் வாங்கினேன். துடைக்கவில்லை. அதை ஒரு சாதனையாகச் சொல்லவில்லை. நாற்பது ஆண்டுகள் தாமதமாக வந்து சேர்ந்த ஒரு செயல், அவ்வளவுதான்.

கொரோனா காலத்திற்குப் பின் எங்கள் பங்கில் ஏறத்தாழ எல்லாரும் நற்கருணையைக் கையில்தான் வாங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் திருப்பலிக்கு, இரவுக் காவல் முடித்த கையோடு அவர் வந்து வரிசையில் நிற்பார். வெடித்து வடுவேறிய அந்த உள்ளங்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நீட்டுவார். அந்நேரத்தில் இப்போது நான் கையை மட்டும் பார்ப்பதில்லை. முகத்தைப் பார்த்து, "கிறிஸ்துவின் திருவுடல்" என்கிறேன். "ஆமென்" என்கிறார். அவர் மன்னித்துவிட்டாரா என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் யார் யாருக்குக் கையளிக்கிறார் என்ற ஐயம் ஒவ்வொரு ஞாயிறும் எனக்குள் எழுகிறது. கொடுப்பவன் நான்தானா? அல்லது அந்த வெடித்த கைகளிலிருந்து, துடைக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டிய ஒன்றை, நான்தான் இன்னும் பெற்றுக்கொண்டிருக்கிறேனா?